எதுக்குக் கை தூக்கினோம்?

போன வாரம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், வாவின் ஸ்டாப்பிங் பக்கத்து டீக்கடையில், எங்கள் சங்கத்தின் இப்போதைய செயலாளரைப் பார்த்தேன். நான் கமிட்டியில் இருந்த காலத்தில் டிரெய்னியாக உள்ளே வந்தவர். நல்ல உழைப்பாளி. மேனேஜ்மெண்ட் முன்னால் உட்கார்ந்தால் பயப்படாமல் பேசுவார். சம்பள ஒப்பந்தம் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டேன். கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்றார். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணா, போன தடவை மாதிரி நோட்டீஸு, பெட்டி, ஓட்டுன்னு இந்த வாட்டி வேணாம்னு இருக்கோம். பேசி முடிக்கத்தானே எங்களைத் தேர்ந்தெடுத்தாங்க? பொதுக்குழுவுல படிச்சுக் காட்டிட்டுக் கையெழுத்துப் போட்டுடலாம்."

அந்த இடத்தில் நான் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை. அவர் சொன்னதைத் தப்பு என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. 2018ல் நானும் இதையேதான் சொன்னேன், அப்படியே செய்தும் காட்டினேன். அதற்குப் பிறகு நடந்ததை அந்தத் தம்பி பார்க்கவில்லை. அவருக்காகவும், வேறு ஏதாவது ஒரு கம்பெனியில் இதே இடத்தில் நிற்கிறவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

கல்யாண மண்டபத்தில் நடந்தது

வண்டிகளுக்குக் கியர் பாகங்கள் செய்யும் கம்பெனி எங்களுடையது. பெயர் வேண்டாம். நிரந்தரத் தொழிலாளர் 340 பேர். 2018 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாண மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பொதுக்குழு கூட்டினோம். கோரிக்கைப் பட்டியல் கொடுத்து, பதினான்கு மாதம் பேசி, இரண்டு முறை பேச்சு முறிந்து, கறுப்பு பேட்ஜ் குத்தி, கேண்டீன் சாப்பாட்டைப் புறக்கணித்து, அதற்கெல்லாம் பிறகு வந்த நாள் அது. எல்லோர் முகத்திலும் ஒரு களைப்பும் ஒரு நிம்மதியும் இருந்தது. தலைவர் மைக்கைப் பிடித்து, "மூணு வருஷத்துக்கு மொத்தம் ஒன்பதாயிரம்" என்றார். கைதட்டல் அடங்கவே நேரமானது. "புதுசா மெடிக்கல் இன்சூரன்ஸ், குடும்பத்துக்கு ஒரு லட்சம்" என்றார். மறுபடியும் கைதட்டல். "சம்மதம்னா கை தூக்குங்க." மண்டபம் முழுக்கக் கை.

மேடையில் உட்கார்ந்திருந்த என் மடியில் ஒரு பை இருந்தது. அதற்குள் 22 பக்க ஒப்பந்த நகல், ஆங்கிலத்தில். அந்த மண்டபத்தில் அதை முழுக்கப் படித்தவர்கள் கமிட்டியில் இருந்த ஏழு பேர்தான். அதிலும் எத்தனை பேர் கடைசிப் பக்கம் வரை போனோம் என்பதை இப்போது சொல்ல எனக்குத் தைரியமில்லை. தலைவர் பேச ஆரம்பித்ததிலிருந்து கை இறங்கியது வரை இருபது நிமிடம். பின்னால் பிரியாணிப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த புதன்கிழமை தொழிலாளர் துணை ஆணையர் முன்னிலையில் ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்துப் போட்டோம். அப்போதிருந்த தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3) பிரிவில் போடும் ஒப்பந்தம். சமரச அதிகாரி முன்னால் போடுகிற 12(3) சங்க உறுப்பினரை மட்டும் கட்டுப்படுத்துவதில்லை; அன்று மண்டபத்துக்கு வராதவரை, வேறு சங்கத்தில் இருப்பவரை, நாளைக்கு வேலைக்குச் சேரப்போகிறவரைக்கூடக் கட்டுப்படுத்தும். அவ்வளவு கனமான ஒரு தாளுக்கு நாங்கள் ஒதுக்கியது இருபது நிமிடம்.

ஒன்பதாயிரம் என்பதும் கைக்கு வருகிற ஒன்பதாயிரம் இல்லை. சி.டி.சி., அதாவது ஒரு ஆளுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு, அந்தக் கணக்கு அது. முதல் வருடத்துக்கு 5,000. அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 1,800, வீட்டு வாடகைப்படி 1,000, போக்குவரத்துக்கும் துணி துவைக்கவும் 500, வருகைப்படி 500. ஆக 3,800. மீதி 1,200ல் கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், கிராஜுவிட்டிக்காக ஒதுக்குவது, இன்சூரன்ஸ் பிரீமியம், கேண்டீன், பஸ் எல்லாம் அடக்கம். 3,800லும் நம் பங்கு பி.எஃப். 216 போய்விடும். மாதத்தில் ஒரு நாள் லீவு போட்டால் வருகைப்படி 500 கிடையாது. ஆக ஒன்பதாயிரத்துக்குக் கை தட்டியவர் முதல் மாதம் வீட்டுக்குக் கொண்டுபோனது மூவாயிரத்துச் சொச்சம். இது ஏமாற்று வேலை இல்லை. எல்லாக் கம்பெனியிலும் இப்படித்தான் பேசுகிறார்கள், இப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் எங்கள் ஆட்களிடம் நாங்கள் இதைப் பிரித்துச் சொல்லவில்லை. பெரிய எண்ணைச் சொன்னோம், ஏனென்றால் பதினான்கு மாதம் காத்திருந்தவர்களுக்குப் பெரிய எண்ணைச் சொல்ல ஆசையாக இருந்தது.

பர்னஸ் அண்ணன்

ஹீட் ட்ரீட்மெண்ட் பகுதியில் ஒருவர் இருந்தார். பர்னஸ் பக்கத்திலேயே இருபத்தைந்து வருடம் நின்றவர் என்பதால் எல்லோருக்கும் அவர் பர்னஸ் அண்ணன். சங்கத்துக்கு ஒரு மாதம்கூடச் சந்தா பாக்கி வைத்ததில்லை. வாயிற்கூட்டம் என்றால் முதல் வரிசையில் நிற்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் மனைவிக்குச் சர்க்கரை, கூடவே சிறுநீரகக் கோளாறு. மாதாமாதம் இ.எஸ்.ஐ., அதாவது சம்பளத்தில் சந்தா பிடிக்கும் தொழிலாளர் காப்பீட்டின், மருந்தகத்தில் மாத்திரையும் இன்சுலினும் வாங்குவார்கள். பெரிய பரிசோதனை என்றால் அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை.

2019 ஜூலையில் ஒரு நாள், இரண்டாவது ஷிப்ட் தொடங்குவதற்கு முன்னால், சைக்கிள் ஸ்டாண்டில் என்னைக் கூப்பிட்டார். கையில் இ.எஸ்.ஐ. அட்டை. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ஓரமெல்லாம் கறுத்துப்போன அட்டை. "தம்பி, இந்தக் கார்டு இனிமே செல்லாதாமே. மருந்து கொடுக்க முடியாதுன்னுட்டாங்க. நான் சந்தா கட்டலையா?" என்றார். நான் உள்ளே போய் டைம் ஆபீஸில் கேட்டேன். அங்கே ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். இ.எஸ்.ஐ.க்கு மாதச் சம்பள வரம்பு 21,000. பர்னஸ் அண்ணன் ஒப்பந்தத்துக்கு முன்னால் வாங்கியது 18,900. அதோடு 3,800 சேர்ந்தபோது 22,700. வரம்பைத் தாண்டிவிட்டார். தாண்டிய உடனே வெளியே அனுப்பமாட்டார்கள். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம். அது முடியும்வரை பிடித்தம் நடக்கும். அந்தச் சந்தாவுக்கான சிகிச்சைப் பலன் அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் வரை. அதனால்தான் 2018 ஜூலையில் தூக்கிய கைக்கு 2019 ஜூலையில் கணக்கு வந்தது. இடையில் ஒரு வருடம் எந்தச் சத்தமும் இல்லை.

"ஆனா நமக்கு இன்சூரன்ஸ் இருக்கேண்ணா" என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அந்த ஒரு லட்சம், மருத்துவமனையில் படுத்தால்தான். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் ஒரு பைசா வராது. அந்த நிபந்தனை ஒப்பந்தத்தின் இணைப்பில், 19ஆம் பக்கத்தில் இருந்தது. இ.எஸ்.ஐ.யை விட்டு வெளியே போகப்போகிறவர்களுக்கு மாற்றாகத்தான் கம்பெனி அந்த இன்சூரன்ஸையே கொடுத்தது. மைக்கில் அது புதிதாகக் கிடைத்த சலுகையாக ஒலித்தது. அவருக்கு மருந்துச் செலவு மாதம் 2,700 ரூபாய் என்று பிறகு தெரிந்தது. இ.எஸ்.ஐ. பிடித்தம் நின்றதில் முந்நூறு ரூபாய்போல் மிச்சம். பதினான்கு மாதப் போராட்டத்தின் பலனில் பெரும்பகுதி அவர் வீட்டில் மருந்துக் கடையோடு நின்றுவிட்டது.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அட்டையைச் சட்டைப் பையில் வைத்தபடி, "அப்ப நாம எதுக்குத் தம்பி அன்னைக்குக் கை தூக்கினோம்?" என்றார். ஷிப்ட் மணி அடித்தது, உள்ளே போய்விட்டார். அவர் ஒருவர் மட்டும் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தபோது அந்த ஒப்பந்தத்தால் இ.எஸ்.ஐ.யை விட்டு வெளியே வந்தவர்கள் 63 பேர். முன்கூட்டியே கேட்டிருந்தால் அந்த 63 பேரும் சம்பள உயர்வு வேண்டாம் என்று சொல்லியிருப்பார்களா? மாட்டார்கள். ஆனால் வெளிநோயாளி மருந்துக்கும் ஒரு வழி செய்யுங்கள் என்று யாராவது ஒருவர் எழுந்து கேட்டிருப்பார். நாங்களும் திரும்பிப் போய் அதைக் கேட்டிருப்போம். கேட்கவேண்டும் என்பதே எங்கள் ஏழு பேருக்கும் தோன்றவில்லை. எங்கள் யார் வீட்டிலும் மாதாமாதம் இன்சுலின் வாங்குகிறவர்கள் இல்லை.

தெரிய வேண்டியதில்லை என்கிற சட்டம்

அந்த நாட்களில் சங்கத்துக்கு ஆலோசனை சொல்லும் வக்கீலிடம் போய்ப் பேசினேன். ஒரு தொழிலாளி, எனக்கு விவரம் தெரியாமல் போட்ட ஒப்பந்தம் இது என்று போய் நிற்க முடியுமா என்று கேட்டேன். அவர் ஹெர்பர்ட்சன்ஸ் வழக்கில் 1976ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக் காட்டினார். அங்கீகாரம் பெற்ற சங்கம் பேசி முடிக்கும்போது, ஒப்பந்தத்தின் உள்விவரம் ஒவ்வொரு தொழிலாளிக்கும் தெரிந்திருக்கவேண்டிய அவசியமில்லை என்கிறது அந்தத் தீர்ப்பு. தொழிலாளியின் நலனைப் பார்க்கத்தான் சங்கம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் சொன்னது. மோசடி, லஞ்சம் மாதிரி விஷயம் இருந்தால் அது வேறு. அதே தீர்ப்பு, ஒப்பந்தத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து இது சரி, இது சரியில்லை என்று பார்க்கக்கூடாது, முழுசாகத்தான் எடுத்துக்கொள்ளவேண்டும் என்றும் சொல்கிறது.

நீதிமன்றம் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. ஒவ்வொருவராக வந்து எனக்குத் தெரியாது என்று சொல்ல ஆரம்பித்தால் எந்த ஒப்பந்தமும் நிற்காது. ஆனால் அந்தத் தீர்ப்பு எங்கள் தலையில் வைத்த பாரத்தை நாங்கள் உணரவில்லை. சட்டம் தொழிலாளியிடம் கேட்கவில்லை, சங்கம் கேட்டுக்கொள்ளும் என்று விட்டுவிட்டது. சங்கமும் கேட்காவிட்டால் அவரிடம் கேட்க வேறு ஆள் கிடையாது. முழுசாகத்தான் ஏற்கவேண்டும் என்றால் முழுசாகப் படித்துக் காட்டுவதுதானே நியாயம்? 1926ஆம் வருடத் தொழிற்சங்கச் சட்டத்திலோ 1947ஆம் வருடத் தொழில் தகராறுச் சட்டத்திலோ ஒப்பந்தத்தை உறுப்பினர் ஓட்டுக்கு விடவேண்டும் என்ற கட்டாயம் இருந்ததில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், 51 சதவீத ஆதரவு இருக்கும் சங்கத்துக்கே தனியாகப் பேசும் உரிமை என்கிறது. யார் பேசுவது என்பதற்குக் கணக்கு வந்துவிட்டது. ரயில்வேயில் 2024 டிசம்பரில் ரகசிய வாக்கெடுப்பு நடத்தி அங்கீகாரச் சங்கத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதே வகைதான். பேசி முடித்ததை ஏற்கிறோமா இல்லையா என்று தொழிலாளி சொல்வது இன்னமும் அந்தந்தச் சங்கத்தின் மனசைப் பொறுத்தது.

இதற்கு எதிராகக் கமிட்டியில் எப்போதும் ஒரு வாதம் வரும். வெளியே சொன்னால் மேனேஜ்மெண்டுக்குத் தெரிந்துவிடும், பேரம் கெட்டுவிடும். இதில் பாதி உண்மை. எந்த எண்ணில் இறங்கி வருவோம், எதை விட்டுக்கொடுப்போம் என்பதை வாட்ஸ்அப்பில் போடக்கூடாது, போடவும் மாட்டோம். ஆனால் கம்பெனி கொடுத்திருக்கிற ஆஃபர் கம்பெனிக்குத் தெரியும், கமிட்டிக்குத் தெரியும். அதை யாரிடமிருந்து மறைக்கிறோம்? நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்த அந்தப் பதினான்கு மாதமும் கேண்டீனில் தினம் ஒரு எண் உலவியது. பதினைந்தாயிரமாம், இருபதாயிரமாம், கமிட்டிக்குத் தனியாகக் கவராம். கடைசி வதந்தியைக் கேட்டுவிட்டு ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்திருக்கிறேன்.

பெட்டி வைத்தோம்

அடுத்த ஒப்பந்தம் 2021 ஏப்ரலிலிருந்து வரவேண்டியது. கொரோனாவால் பேச்சு தள்ளிப்போனது. அப்போது நான் துணைச் செயலாளர். இந்த முறை ஓட்டு என்று சொன்னதும் தலைவருக்குப் பிடிக்கவில்லை. "எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார். நம்பிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொன்னதை அவர் ஏற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆனது. பர்னஸ் அண்ணனின் அட்டையைப் பற்றிச் சொன்ன பிறகுதான் சரி என்றார்.

செய்தது இவ்வளவுதான். ஒவ்வொரு பேச்சுவார்த்தை முடிந்ததும் அன்று இரவே கேட் பக்கத்துச் சங்கப் பலகையில் நாலு வரி: என்ன பேசினோம், கம்பெனி என்ன சொன்னது, அடுத்த தேதி. ஒன்றும் நகரவில்லை என்றால் அதையும் எழுதினோம். வதந்தி முற்றிலும் நிற்கவில்லை, ஆனால் பலகையில் இல்லையே என்று சொல்ல ஆள் இருந்தது. ஆஃபர் முடிவானதும் முழு ஒப்பந்தத்தையும் தமிழில் எழுதினோம். நானும் அக்கவுண்ட்ஸ் தெரிந்த ஒரு நண்பரும் மூன்று ராத்திரி உட்கார்ந்தோம். ஆங்கிலத்தில் "முழு ஒத்துழைப்பு நல்குவது" என்று மெத்தென்று இருந்த ஒரு ஷரத்து, தமிழில் எழுதும்போதுதான் ஷிப்டுக்கு 420 பீஸ் ஓட்டுகிற மெஷினில் 455 ஓட்டவேண்டும் என்பது என்று எங்களுக்கே உறைத்தது. சம்பளத்துக்குத் தனியாக ஒரே ஒரு தாள். நீங்கள் இப்போது வாங்குவது, ஒப்பந்தத்துக்குப் பிறகு கைக்கு வருவது, ஒரு நாள் லீவு போட்டால் வருவது. சி.டி.சி. எண்ணைக் கடைசி வரியில் சின்னதாகப் போட்டோம்.

பொதுக்குழு கூட்டமுடியாத காலம். ஷிப்ட் ஷிப்டாகச் சைக்கிள் ஸ்டாண்டில் நின்று விளக்கினோம். கேள்விகளை ஒரு அட்டை போட்ட நோட்டில் எழுதிக்கொண்டேன். பதில் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, மறுநாள் கேட்டு வந்து பலகையில் எழுதினோம். மூன்று நாள் இடைவெளி விட்டு, செப்டம்பர் நடுவில் ஓட்டு. தகரப் பெட்டி, பூட்டு, வாக்குச்சீட்டில் ஏற்கிறேன், ஏற்கவில்லை என்று இரண்டு கட்டம். கமிட்டியில் இல்லாத நாலு பேர்தான் எண்ணினார்கள்.

ஏற்கிறேன் 149. ஏற்கவில்லை 172.

தலைவர் எதுவும் பேசாமல் எழுந்து வெளியே போய் நின்றார். நான் அந்தச் சீட்டுக் கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏற்கச் சொல்லி நாங்களே பரிந்துரைத்த ஒப்பந்தம் அது. மறுநாள் எச்.ஆர். அதிகாரி, "உங்க ஆளுங்களே உங்க பேச்சைக் கேக்கலையே" என்றார். அந்த வாக்கியம் சுட்டது. ஆனால் நாலாவது நாள் மறுபடி மேஜையில் உட்கார்ந்தபோது நிலைமை வேறாக இருந்தது. அதற்கு முன் எந்தப் பேச்சிலும் அவர்கள் எங்களைப் பார்த்து, இதுதான் கடைசி, போய் உங்கள் ஆட்களைச் சம்மதிக்க வையுங்கள் என்பார்கள். இப்போது சம்மதிக்க வைக்க முடியாது என்பது எண்ணிக்கையோடு அவர்கள் முன்னாலேயே இருந்தது. நோட்டிலிருந்த கேள்விகளில் எது எத்தனை பேர் கேட்டது என்று வரிசைப்படுத்தி எடுத்துப்போனோம். 455 என்பது 440 ஆனது, டூல் மாற்றும் நேரம் கணக்கிலிருந்து கழிந்தது. இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பவர்களுக்கு மருந்து பில் காட்டினால் மாதம் 1,500 வரை. சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

இதற்கு விலையும் கொடுத்தோம். நவம்பர் 4 தீபாவளிக்கு முன்னால் அரியர்ஸ் வரும் என்று நம்பியிருந்தவர்களுக்கு வரவில்லை. "உங்க ஓட்டால என் புள்ளைங்களுக்குத் துணி எடுக்க முடியல" என்று ஒருவர் கேட்டிலேயே நின்று திட்டினார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை, அவர் சொன்னது நிஜம். காண்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கு அந்தப் பெட்டியில் இடமே இல்லை என்பதும் நிஜம். 440 என்ற எண் அவர்கள் முதுகையும் சேர்த்துத்தான் வளைக்கும், அவர்களை நாங்கள் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் உறுத்துகிறது.

இரண்டாவது ஓட்டு நவம்பர் கடைசியில். அதற்கு முந்தின நாள் மதியம் கேண்டீனில் பர்னஸ் அண்ணன் திருத்திய தமிழ் நகலைப் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, எண்ணெய்க் கறை படிந்த ஆள்காட்டி விரலை வரிக்கு அடியில் வைத்து, வாய்க்குள் முணுமுணுத்தபடி. சாம்பார் ஆறிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும், "தம்பி, பில்லுன்னு இருக்கே. எங்க தெருக் கடையில துண்டுச் சீட்டுலதான் எழுதித் தருவான். அது ஆகுமா?" என்றார். எங்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி. அன்று சாயங்காலமே எச்.ஆரிடம் பேசினோம். மருத்துவரின் சீட்டும் கடையின் ரசீதும் இருந்தால் போதும் என்று அந்த வரியை மாற்றி எழுத வைத்தோம், இரண்டு பக்கமும் சுருக்கொப்பம் போட்டோம். மறுநாள் 258க்கு 55 என்று ஒப்பந்தம் நிறைவேறியது. அவர் எந்தக் கட்டத்தில் குறி போட்டார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வருடம் ரிட்டயர் ஆனார்.

அந்த அட்டை போட்ட நோட்டு வீட்டில் பீரோவுக்கு மேலே இருந்தது. நேற்று அதை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டுபோய்ச் செயலாளர் தம்பியிடம் கொடுத்தேன். முதல் பக்கத்திலேயே, என் கையெழுத்தில், இ.எஸ்.ஐ. போனால் மருந்துக்கு என்ன வழி என்று இருக்கிறது, பக்கத்தில் 41 என்று எண். அத்தனை பேர் கேட்டது. அவர் நின்றபடியே நாலைந்து பக்கம் புரட்டினார். "இந்த வாட்டி சம்பள அமைப்பையே மாத்துறாங்கண்ணா, அடிப்படைச் சம்பளத்தை ஏத்துறாங்க. பி.எஃப். பிடித்தம் கூடிடும். கைக்கு வர்றது குறையுமான்னு பசங்க கேக்க ஆரம்பிச்சுட்டாங்க" என்றார். நோட்டில் வெற்றுப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்தார். பின்பக்கம் நிறைய இருக்கிறது என்றேன்.